கறை போகாத விரல்கள்

டோரீன் பிறந்தது 1966இல். அவருடைய அக்கா றெஜினா பதினேழு வயதில் ஹட்டன் ஸ்டேஷனில் கோச்சி ஏறி இந்தியாவுக்குப் போனது 1974இல். அதற்குப் பிறகு றெஜினாவைப் பற்றிய திகதி எதுவும் அந்தக் குடும்பத்திடம் இல்லை.

மற்றவர்களின் பொருட்களுக்குத் திகதி சொல்வது டோரீனின் தொழில். நுவரெலியாவில் ஓர் ஏல நிலையத்தில் இருபத்தைந்து வருடங்களாக அவர் மதிப்பீட்டாளர். தோட்டத்துப் பங்களாக்கள் ஒவ்வொன்றாக ஹோட்டலாக மாறுகின்றன. மாறும்போது உள்ளே இருந்த மேசை, பீங்கான், மணிக்கூடு, படம் எல்லாம் லொறியில் ஏறி ஏலத்துக்கு வருகின்றன. படங்களில் பெரும்பாலானவை நகல்கள். ஐரோப்பாவின் பழைய மேதைகள் வரைந்ததைப் பார்த்து யார் யாரோ வரைந்தவை. நகலென்றதும் உதட்டைப் பிதுக்கிவிடக் கூடாது. இருநூறு வருடத்துக்கு முன் இத்தாலியில் கைதேர்ந்த ஒருவர் செய்த நகலுக்குக் கொழும்பில் ஒரு கார் வாங்கும் விலை கொடுக்க ஆளிருக்கிறது. ஐம்பது வருடத்துக்கு முன் பொழுதுபோகாமல் ஒரு துரைசாணி, தோட்டத்துத் துரையின் மனைவி, வரைந்ததை அதன் மரச்சட்டத்துக்காகத்தான் வாங்குவார்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். எது எது என்று சொல்லத்தான் டோரீன் சம்பளம் வாங்குகிறார்.

அவருக்கு ஒரு விதி உண்டு. படத்தின் முகத்தை முதலில் பார்க்க மாட்டார். முகம் ஆளை மயக்கும். திருப்பிப் போட்டு முதுகைப் பார்ப்பார். துணி கைத்தறியா மில் நெசவா, ஆணி கொல்லன் அடித்ததா மெஷின் ஆணியா, மரச்சட்டம் எந்தப் பக்கம் வெளுத்திருக்கிறது, என்ன வாடை வருகிறது. அதுவும் மலைநாட்டில் முகத்தை நம்பவே முடியாது. பங்களாக்களில் வருடம் முழுக்கக் கணப்பில் யூகலிப்டஸ் கட்டை எரியும். பாதி வருடம் பனிமூட்டம் உள்ளே வந்து குடியிருக்கும். இங்கே ஐம்பது வருடம் தொங்கிய படம், பார்ப்பவர் கண்ணுக்கு இருநூறு வயதுக் கிழமாகத் தெரியும். அந்த ஐம்பது வருடத்துக்கும் பொறுமையில்லாத வியாபாரிகள் புதுத் துணியைக் கடுஞ்சாயத் தேத்தண்ணியில் நனைத்துக் காயவைத்துக் கொண்டுவருவார்கள். டோரீன் குனிந்து முகர்ந்துவிட்டு, "நல்ல பீ.ஓ.பி. தேயிலைத் தூளா பார்த்துத்தான் போட்டிருக்கீங்க" என்பார். வந்தவர் அசடு வழியச் சிரித்துப் படத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போவார்.

இந்த வருடம் மார்ச் மாதம் மாதா வந்தாள்.

பொகவந்தலாவைப் பக்கம் மூணுபீலித் தோட்டத்துப் பெரிய பங்களாவை ஒரு ஹோட்டல் கம்பெனி எடுத்திருந்தது. சாமான் அறையில் கிடந்ததெல்லாம் ஏலத்துக்கு வந்தது. டோரீன் பிறந்த தோட்டம்தான் அது. அதில் அதிசயப்பட ஒன்றுமில்லை. எந்தத் தோட்டத்துச் சாமான் வந்தாலும் அங்கே பிறந்தவர் ஒருவர் நுவரெலியாவில் இருக்கத்தான் செய்வார். டோரீனுக்கு எட்டு வயதானபோது, அக்கா போன சில மாதத்திலேயே, குடும்பம் ஹட்டன் பஜாருக்கு இறங்கிவிட்டது. பிறகு மேலே போகவே இல்லை.

கைகூப்பித் தலை கவிழ்ந்த மாதா. நீல முக்காடு, உள்ளே வெள்ளை முக்காடு. இத்தாலியில் நானூறு வருடத்துக்கு முன் ஒருவர் வரைந்து, அப்புறம் உலகமெங்கும் நகலெடுத்துத் தள்ளிய மாதா. டோரீன் வழக்கம்போல் திருப்பிப் போட்டார். கைத்தறித் துணி. கொல்லன் ஆணி. சட்டத்தின் பின்னால் ரோமாபுரிக் கடையொன்றின் துண்டுக் காகிதம். முதுகு சொன்னதில் பிசகே இல்லை. 'இத்தாலிய நகல், பதினெட்டாம் நூற்றாண்டு' என்று எழுதிக் கொடுத்தார். அது ஏலப் பட்டியலில் ஏறியது. கொழும்பிலிருந்து இரண்டு பேர் போனிலேயே ஏலம் கேட்கப் பெயர் கொடுத்தார்கள்.

படத்தைச் சுத்தம் செய்யும் வேலை சுதர்ஷினிக்கு. கொழும்பில் படித்துவிட்டு வந்த பெண். வாய் கொஞ்சம் நீளம். ஒரு பிற்பகல் பஞ்சுக்குச்சியும் கையுமாக உள்ளிருந்து கூப்பிட்டாள்.

"டோரீன்க்கா, கொஞ்சம் வாங்களேன். இந்தம்மா கைய கழுவ மாட்டேங்குறாங்க."

"ஸ்பிரிட்ட கொஞ்சம் கூட்டிப் பாரு."

"கூட்டியாச்சு. வார்னிஷ் போகுது, புகை போகுது, இது போகல. இது அழுக்கில்லக்கா, வரைஞ்சது."

"மாதா விரல்ல எவன்டி அழுக்க வரைவான்?"

"அதத்தான் நானும் கேக்குறேன். இன்னொண்ணு பாருங்க. விரல் மேல மட்டும் வார்னிஷே இல்ல. முன்னாடியே யாரோ போட்டுத் தேய்ச்சிருக்காங்க. இங்க ஓரத்துல பாத்தீங்களா? பெயின்ட் உதிர்ந்த எடத்துல அடியில வேற படம் தெரியுது. நாயிக் காது மாதிரி இருக்கு."

நாயின் காதுதான். யாரோ ஒருவர் பழைய படமொன்றைச் சுரண்டிவிட்டு அதே துணியில் மாதாவை வரைந்திருக்கிறார். துணிக்கும் சட்டத்துக்கும் இருநூறு வயதுக்கு மேல். மாதாவின் வயது அதுவல்ல. முதுகைப் பார்த்தே பிழைத்த டோரீனை முதுகே ஏமாற்றிவிட்டது.

அவர் பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்துக்கொண்டு விரல்களுக்கு வந்தார். கட்டைவிரலின் உள்விளிம்பில் கறுப்பு. ஆள்காட்டி விரலின் பக்கவாட்டில், முதல் மூட்டுக்கு மேலே, கறுப்பு. நகக்கண்களில் மயிரிழை போலக் கோடுகள். மற்ற விரல்கள் சுத்தம். தேயிலைக் கொழுந்தைக் கிள்ளும்போது சாறு எங்கெங்கே படுமோ அங்கே மட்டும் கறை. இத்தாலியில் எவருக்கும் இது தெரிந்திருக்க நியாயமில்லை. இப்படிப்பட்ட ஒரு கையை முன்னால் வைத்துக்கொண்டு, கண்ணால் பார்த்துப் பார்த்து, ஒருவர் இந்த மலையில்தான் இதை வரைந்திருக்கிறார்.

அப்போதுதான் டோரீன் நிமிர்ந்து முகத்தைப் பார்த்தார்.

"என்னக்கா? ஏன் ஒரு மாதிரி ஆயிட்டீங்க?"

"ஒண்ணுமில்ல. துணியப் போட்டு மூடு."

கோச்சி ஏறுவதற்கு முந்தின நாள் றெஜினா தண்ணீர் விழும் பீலிக்கரையில் உட்கார்ந்து, எலுமிச்சைப் புளிப்புக்குக் கறை போகும் என்று விரல்களில் தேசிக்காய் தேய்த்தாள். நறுக்கிக் கொண்டுவந்து கொடுத்தது டோரீன். "இந்தியாவுல எறங்குனதும் கைய பாத்தே கொழுந்துக்காரின்னு சொல்லிருவாங்கடி" என்று சொல்லிச் சொல்லித் தேய்த்தாள். தோல் உரிந்ததே தவிரக் கறை போகவில்லை. அப்போது இரண்டு அரசாங்கங்களும் ஒப்பந்தம் போட்டுத் தோட்டத்து மக்களை இந்தியாக்காரர், இலங்கைக்காரர் என்று பிரித்துக்கொண்டிருந்தன. பிள்ளையில்லாத பெரியப்பாதான் அவளை வளர்த்தவர்; அவருடைய பிரஜாவுரிமை விண்ணப்பத்தில் அவள் பெயரும் இருந்தது. பெரியப்பா இந்தியாக்காரர் ஆனார், அவளும் ஆனாள். தங்கச்சியும் அப்பா அம்மாவும் இலங்கைக்காரர்கள் ஆனார்கள். இந்தியக் கரையிலுள்ள மண்டபம் முகாமிலிருந்து ஒரே ஒரு தடவை சேதி வந்தது. அக்காவை எடுத்திருந்த ஒரே படம் பாஸ்போட்டில் ஒட்டி அவளோடேயே போய்விட்டது. ஸ்டேஷனில் எல்லாரும் அழுத அழுகையில் டோரீன் அவள் முகத்தைச் சரியாகப் பார்க்கவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த விரல்களைத்தான் பார்த்தார்.

அன்றிலிருந்து வேலை ஓடவில்லை. பீங்கான் தட்டைக் கையிலெடுத்தால் மூடிய துணிக்குப் பின்னால் யாரோ நிற்பது போலிருந்தது. மூன்று மணிக்கே மூட்டம் இறங்கி ஜன்னல் வெளுத்துவிடும். அறைக்குள் தேசிக்காய் வாடை அடிக்கும். "நீ தேசிக்காய் ஏதும் வெட்டுனியா?" என்று கேட்பார். "சத்தியமா இல்லக்கா, வாடையும் இல்ல" என்பாள் சுதர்ஷினி. பின்னொரு நாள், எங்கேயோ அடியில் கிடந்த ஒன்று மேலே வந்தது: அக்கா ஞாயிற்றுக்கிழமைகளில் பெரிய பங்களாவுக்குப் போவாள், திரும்பி வரும்போது முந்தானையில் ஒரு கிறீம் பிஸ்கட் முடிந்திருக்கும். ஐம்பது வருடமாக எட்டிப் பார்க்காத ஞாபகம், படத்தைப் பார்த்த பிறகு வருகிறது. அது நடந்ததா, இல்லை இந்த முகத்துக்காக மனசு தானே சமைத்துக் கொடுத்ததா என்று டோரீனுக்குத் தெரியவில்லை. அதைவிட மோசமானது ஒன்று இருந்தது. இப்போது கண்ணை மூடி அக்காவை நினைத்தால் அவள் நீல முக்காட்டோடுதான் வந்தாள். முக்காடு இல்லாத முகம் ஒன்று இருந்ததே, அது போன இடம் தெரியவில்லை.

ஏல நிலையத்தின் சொந்தக்காரர் றோலண்ட். எழுபதை நெருங்குகிறவர், எதையும் விளையாட்டாகவே பேசுவார். டோரீன் அவரிடம் போய்ப் பட்டியலைத் திருத்த வேண்டும் என்றார்.

"டோரீன், கொழும்புக்காரங்க ரெண்டு பேரு போன்ல நிக்கப் போறாங்க. அவங்ககிட்ட போயி நாயிக் காதுன்னு சொல்றதா?"

"பிழையா எழுதிட்டேன் சேர். இங்கேயே வரைஞ்சது. பெயின்ட்ட பாத்தா எழுபதாம் வருசத்துக்கு அப்புறம், எழுபத்தஞ்சுல கம்பெனித் தோட்டத்த அரசாங்கம் எடுக்கிறதுக்கு முன்னாடி. தொரசாணி யாராவது வரைஞ்சிருப்பாங்க."

"சரி, மாத்துங்க. மானம் போனா போகுது, எனக்கு அது ஏற்கனவே கொஞ்சந்தான் இருக்கு." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "வேற என்ன? அத மட்டும் சொல்லவா நிக்கிறீங்க?"

"அது எங்க அக்கா மாதிரி இருக்கு சேர்."

றோலண்ட் கண்ணாடியை மேசையில் வைத்தார்.

"மாதிரியா, அக்காவேயா?"

"தெரியல."

"இருபத்தஞ்சு வருசத்துல உங்க வாயிலருந்து அந்தச் சொல்ல இன்னைக்குத்தான் கேக்குறேன்."

அவர் நியாயமான ஆள். எதிரே உட்காரச் சொன்னார். மதிப்பீட்டாளர் தான் மதிப்பிட்ட பொருளை ஏலத்தில் கேட்கக் கூடாது; அது நிலையத்தின் பழைய விதி. விலையை இறக்கிவிட்டுத் தானே அள்ளிக்கொண்டார் என்று ஊர் பேசும். ஆனால் குடும்பத்துப் படம் என்றால் கதை வேறு. ஹோட்டல் கம்பெனியிடம் தானே பேசி, ஏலத்திலிருந்து விலக்கி, மரச்சட்டத்தின் விலைக்கு டோரீனிடமே கொடுக்கச் செய்வதாகச் சொன்னார்.

"ஒண்ணுதான். இது எங்க அக்காதான்னு நீங்க வாயால சொல்லணும். நீங்க சொன்னா நான் நம்புவேன், கம்பெனிக்காரனும் நம்புவான். வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லுங்க."

படத்தை வாங்கிக் கொண்டுபோய் வீட்டுச் சுவரில் மாட்ட டோரீன் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். இந்தத் தொழிலில் அவர் அதைவிடச் சன்னமான ஆதாரத்தை வைத்துக்கொண்டு எத்தனையோ வாக்கியம் சொல்லியிருக்கிறார். தனக்கு வேண்டும் என்ற ஆசையோடு ஒன்றைப் பார்க்கும் கண் என்னவெல்லாம் பார்க்கும் என்பதும் அவருக்குத் தெரியும். ஆசைப்பட்டவர்கள் தேத்தண்ணிக் கறையைக்கூட இத்தாலி என்று சத்தியம் செய்ததை அவர் நேரில் கண்டிருக்கிறார்.

வியாழக்கிழமை பொகவந்தலாவை பஸ்ஸில் ஏறினார். போனில் எடுத்த படம் பையில் இருந்தது. பஜாரில் இறங்கி ஆட்டோ பிடித்து மேலே போனபோது, மாதா கோயில் இருந்த இடத்தில் நாலு சுவர்தான் நின்றது. கூரையைக் காற்று கொண்டுபோய்ப் பல வருடமாகிவிட்டதாம். தொழிலாளர் வரிசைவீடான பழைய லயத்தில் இன்னும் இருந்தவர் லெட்சுமி. அந்தக் காலத்தில் பக்கத்துக் காம்பறாவில் குடியிருந்தவர். இப்போது எழுபத்தெட்டு வயது, ஒரு கண்ணில் பூ விழுந்திருக்கிறது.

"யாரு? செபஸ்தியான் மகளா? சின்னதா? ஏன்டி புள்ள, இப்பத்தான் வழி தெரிஞ்சுச்சா? எல்லாரும் செத்தப்புறம் வந்தா யாரு தேத்தண்ணி ஊத்துறது?"

"நீங்க ஊத்துவீங்கன்னுதான் வந்தேன்."

"வாய் மட்டும் கொறையல." தேத்தண்ணி வந்தது. டோரீன் போனை நீட்டினார். லெட்சுமி நல்ல கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்து, சட்டென்று போனையே கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"எங்க மாதா. தொரசாணி ஊருக்குப் போகக்குள்ள கோயிலுக்குக் குடுத்துட்டுப் போனது. நாங்க வேற சாமி கும்புடுற ஆளுங்க, ஆனா இதுக்கு எல்லாரும் போவோம். கூர போன அன்னைக்கு யாரோ எடுத்துட்டுப் போனாங்க, எங்க போச்சுன்னே தெரியாம இருந்தோம்."

"விரல்ல யாரோ தேய்ச்சிருக்காங்க லெட்சுமிம்மா. வார்னிஷ் எல்லாம் போயிருக்கு."

"யாரோ என்ன யாரோ, நாங்கதான். திருநாளுக்கு முந்துன நாளு தேசிக்காய வெட்டிக்கிட்டுப் போயி ஆளாளுக்குத் தேய்ப்போம். கோயில் சாமியாரு ஒரு தடவ புடிச்சு ஏசுனாரு. அந்தாளு போனதும் மறுபடியும் தேய்ச்சோம்."

"ஏன்?"

லெட்சுமி அவரை ஒரு மாதிரி பார்த்தார். இது கூடத் தெரியாதா என்ற பார்வை. "இந்தியாவுக்குப் போன புள்ளைங்க கை சுத்தமாகட்டும்னுதான். அங்க வீட்டு வேலைக்குக் கூட கைய பாத்துட்டு வேணாம்பாங்கன்னு சேதி வந்துச்சே. இங்க தேய்ச்சா அங்க போகும்னு ஒரு நெனப்பு."

டோரீன் தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். பிறகுதான் கேட்டார்.

"படத்துல இருக்கிறது யாரு? எங்க றெஜினாக்காவா?"

"ஒங்கம்மா இங்க இருந்திருந்தா அப்படித்தான் சொல்லியிருப்பா. எங்க நாத்தனா அவ மக அழகம்மான்னு சொன்னா. மேட்டு லயத்து மரியாயி அவ பொண்ணுன்னு சொல்லி இதுக்கு முன்னால மயக்கமே போட்டா. கோச்சியில புள்ளய அனுப்புன வீடெல்லாம் எங்க புள்ளதான்னுச்சு. சண்டையெல்லாம் வந்துச்சு, தெரியுமா? மயிரப் புடிச்சுக்கிட்டாளுங்க, மாதா முன்னாலேயே."

"அக்கா ஞாயித்துக்கிழம பங்களாவுக்குப் போகுமே. பிஸ்கட் கொண்டாருமே."

"போனா. எல்லாப் புள்ளையும்தான் போச்சு. தொரசாணி ஒவ்வொருத்தியா கூப்புட்டு வெராந்தாவுல ஒக்கார வைக்கும். ஆளுக்கொரு பிஸ்கட். கை ஒருத்திது, மூக்கு ஒருத்திது, நிக்கிற நெலை ஒருத்திது. அந்தப் பொம்பளைக்கே தெரிஞ்சிருக்காது."

ஆக, ஞாபகம் பொய்யில்லை. பிஸ்கட் நிஜம். அதை வைத்துக்கொண்டு ஒன்றையும் நிரூபிக்க முடியாது என்பதும் நிஜம்.

"ஒங்களுக்கு யாரு மாதிரி தெரிஞ்சுச்சு?" என்று டோரீன் கேட்டார்.

லெட்சுமி போனைத் திருப்பிக் கொடுத்தார். "எம் மக போகக்குள்ள மூணு வயசு. எம் மாமியாரோட இந்தியாக் கார்டுல பேரு இருந்துச்சு. வளந்தா இப்படித்தான் இருப்பான்னு பாத்துக்குவேன்."

திரும்பும் பஸ்ஸில் டோரீன் படத்தை ஒரு முறைகூடத் திறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை றோலண்ட் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"சொல்லுங்க."

"எடுக்கல சேர்."

"அக்கா இல்லையா அப்ப?"

"தெரியலன்னுதான் இப்பவும் சொல்றேன். நான் வீட்டுக்குக் கொண்டுபோனா அது எங்க அக்காவா ஆயிரும். அங்க மத்த வீட்டுக்காரங்க இன்னும் இருக்காங்க."

"ஏலத்துல போனா மட்டும் அவங்களுக்குக் கெடைக்கவா போகுது?"

"கெடைக்காது."

"பின்ன?"

ஏலத்துக்கு முன் பார்வைக்கு வைக்கும் நாளில் தோட்டத்திலிருந்து ஒரு வேன் வரும், கதவில் யாரும் அவர்களை மறிக்கக் கூடாது என்று மட்டும் டோரீன் கேட்டுக்கொண்டார். றோலண்ட் தலையாட்டினார். கொழும்புக்காரர்கள் இருவருக்கும் அவரே போன் எடுத்தார். ஒருவர் விலகிக்கொண்டார், மற்றவர் சட்டத்துக்காகக் கேட்கிறேன் என்றார். ஹோட்டல் கம்பெனிக்காரர்களுக்குத் திருத்தம் பிடிக்கவில்லை.

டோரீன் புதுக் குறிப்பை எழுத ஒரு பிற்பகல் முழுக்க எடுத்துக்கொண்டார். மூன்று தாளைக் கசக்கிப் போட்டார். ஒன்றில் அக்காவின் பெயர் இருந்ததைச் சுதர்ஷினி பார்த்தாள்; பார்க்காதது போல் பஞ்சுக்குச்சிகளை அடுக்கினாள். கடைசியில் அச்சுக்குப் போனது இது: 'இத்தாலிய மாதாவின் நகல். மூணுபீலித் தோட்டம், ஏறத்தாழ 1970 முதல் 1975 வரை. பழைய துணி, பழைய சட்டம். வரைந்தவர் பெயர் தெரியவில்லை. முன்னால் உட்கார்ந்தவர்கள் கொழுந்து பறித்த பெண்கள், பெயர்கள் தெரியவில்லை. விரல்களிலுள்ள கறை ஓவியத்தின் பகுதி. விரல்களின் மேல் வார்னிஷ் தேய்ந்திருப்பது தோட்டத்துப் பெண்கள் தேசிக்காய் கொண்டு துடைத்ததால்.'

அடுத்த வாரம் பார்வை நாளில் வேன் வந்தது. கோயிலுக்குக் கட்டும் சேலைகளில் ஒன்பது பெண்கள் இறங்கினார்கள். லெட்சுமியை இருவர் தாங்கிக்கொண்டு வந்தார்கள். கொழும்பிலிருந்து வந்திருந்தவர்கள் விலகி வழிவிட்டார்கள். ஒருவரும் சத்தம் போடவில்லை. லெட்சுமி இடுப்பிலிருந்து பாதித் தேசிக்காயை எடுத்தார். சுதர்ஷினி பதறிப்போய் டோரீனைப் பார்த்தாள்.

"வேணாம் லெட்சுமிம்மா," என்றார் டோரீன். "மேல பூச்சு இல்ல. இப்ப தேய்ச்சா விரலே போயிரும்."

"கறையும் போயிருமா?"

"எல்லாமே போயிரும்."

லெட்சுமி யோசித்தார். தேசிக்காயைத் திரும்ப முந்தானையில் முடிந்துகொண்டார். அவர்கள் அரை மணி நேரம் நின்றுவிட்டு, மழைக்கு முன் மலையேற வேண்டும் என்று கிளம்பிப் போனார்கள். டோரீன் படத்தின் முன்னால் தனியாக நின்று, முக்காடில்லாத முகத்தை நினைத்துப் பார்த்தார். வரவில்லை.

ஏலம் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு. மாதா நாற்பத்தோராம் இலக்கம். அன்று டோரீன் மண்டபத்தில் இருக்க மாட்டார். திம்புள்ளையில் ஒரு பங்களாவைக் காலி செய்கிறார்கள், படங்களைப் பார்க்க ஏழரை பஸ்ஸில் அங்கே போகிறார்.